கண்ணாடிக்குள் ஒரு ஜோடி

கடைத்தெருவில் அவளுக்குப் பெயரே ஜோடி அக்காதான். அவள் வேலை பார்க்கும் சாக்லேட் கடையின் டப்பா மூடியைப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. மூடியில் ஒரு புதுமணத் தம்பதி கன்னத்தோடு கன்னம் வைத்துச் சிரிக்கும். அந்தப் பெண் இவள். அந்த ஆண், அதே கடையின் பின்னறையில் சாக்லேட் உருக்குகிற இவள் கணவன்.

டப்பா கட்டும் வேலைக்கு வந்தபோது அவள் சின்னப் பெண். ரிப்பன் முடிச்சுப் போடுவதில் அவளை அடிக்க ஆளில்லை. பின்னறையில் இருந்தவன், அச்சில் சரியாக விழாத சாக்லேட்டுகளை ஒரு தட்டில் வைத்து, வாயே திறக்காமல் அவள் பக்கம் தள்ளிவிட்டுப் போவான். நொறுங்கிய சாக்லேட்டுக்கு அவ்வளவு அழகு உண்டா என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது! கல்யாணத்தை முதலாளியே கடைக்குள் நடத்தி வைத்தார். "நம்ம கடையில பூத்த காதல்யா இது!" என்று கண்கலங்கினார். கையோடு படமும் எடுத்து மூடியில் போட்டுவிட்டார். வியாபாரியின் கண்ணீரும் வீணாகப் போகாது.

அன்று பிடித்த வழக்கம் இது. ஒவ்வொரு காதலர் தினத்தன்றும் சாயங்காலம், கடை முகப்பில் உள்ள கண்ணாடிக் கூண்டுக்குள் இருவரும் உட்கார வேண்டும். ஒருவருக்கொருவர் ஒரு சாக்லேட் ஊட்ட வேண்டும். ஊட்டிய பிறகுதான் அன்றைய வியாபாரமே தொடங்கும். அந்த ஜோடியைப் பார்த்துவிட்டு வாங்கினால் காதல் கைகூடும் என்று ஊர் முழுக்க நம்பிக்கை. கைகூடியவர்கள் கைக்குழந்தையோடு வந்து, "அக்கா, எல்லாம் உங்க ராசி" என்பார்கள். அவள் குழந்தையை வாங்கிக் கொஞ்சுவாள். வேறென்ன செய்வாள்?

கூண்டுக்குள் சாக்லேட் உருகாமலிருக்கக் குளிர்ச்சி வைத்திருந்தார்கள். குளிர் கசியக் கூடாதென்று கதவுக்குத் தாழ்ப்பாள் வெளிப்பக்கம். உள்ளே இருப்பவர் தட்டினால் யாராவது வந்து திறப்பார்கள்.

உண்மை என்னவென்றால், அவன் கடை மாடியில் சாமான் அறையில் படுக்க ஆரம்பித்து இரண்டு வருஷம் ஆகிறது. அவன் குடித்தான், அடித்தான் என்றால் ஊரிடம் சொல்லவாவது ஒரு காரணம் இருந்திருக்கும். அவன் பேசவில்லை, அவ்வளவுதான். சுவரோடு எத்தனை நாள் குடித்தனம் நடத்துவது? முதலாளிக்கும் தெரியும். "வீட்டுக்குள்ள எப்படி வேணா இருங்கம்மா. கண்ணாடிக்குள்ள ஜோடியா இருங்க. உங்களை நம்பி எத்தனை பேர் பொழைக்கிறாங்க!" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிடுவார். கும்பிடுகிறவரை என்ன சொல்லித் திட்டுவது?

இந்த வருஷம் அவள் முடிவோடுதான் கூண்டுக்குள் போனாள். அவள் அக்கா இருக்கும் ஊரில் ஒரு பேக்கரியில் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். அதை அவனிடமும் முதலாளியிடமும் இன்றே சொல்லிவிட வேண்டும்.

வெளியே ஜோடி ஜோடியாகக் கூட்டம். உள்ளே பேசுவது வெளியே கேட்காது. முகம் மட்டும் தெரியும்.

"சிரி," என்றான் அவன், பல்லைக் காட்டியபடி.

"சிரிச்சுட்டுதான் இருக்கேன். வாய் ஒட்டிக்கிச்சு."

"சால்வை எடுத்துட்டு வரலையா? போன வருஷம் தும்மிட்டே இருந்தியே."

"அடேயப்பா! வருஷத்துக்கு ஒரு தடவை வாய் திறக்குது, அதுவும் தும்மலுக்கா?"

"வேற என்ன பேசறதுன்னு தெரியலையே."

"நான் பேசறேன், கேளுங்க. திங்கட்கிழமை அக்கா ஊருக்குப் போறேன். அங்க வேலை கெடச்சிருக்கு."

"எப்ப வருவே?"

"வரமாட்டேங்க."

அவன் சிரிப்பு அப்படியே இருந்தது. கண் மட்டும் கீழே இறங்கியது. பேச்சில் நெருங்கியிருந்த தலைகளைப் பார்த்து வெளியே கைதட்டினார்கள்.

பழக்கம் விடவில்லை போலிருக்கிறது, அவன் ஒரு சாக்லேட்டை எடுத்து அவள் உதட்டருகே கொண்டு போனான். அவள் தலையை ஆட்டினாள். வெட்கமாம்! கூட்டம் சிரித்தது. அவள் முகத்தைத் திருப்பினாள். ஊடலாம்! விசில் பறந்தது. கடைசியில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற ஒரு பெண், நெஞ்சில் கைவைத்துத் தானும் அழுதபடி, பக்கத்தில் இருந்தவன் தோளில் சாய்ந்தாள். என்ன செய்தாலும் காதலாகவே தெரிந்தால் ஒரு மனுஷி எப்படித்தான் வெளியே வருவது?

எழுந்து போய்க் கதவைத் தட்டினாள்.

"முதல்ல ஊட்டும்மா!" கதவுக்குப் பின்னாலிருந்து முதலாளி கத்தினார். "கியூ தெருமுனை தாண்டிருச்சு!"

தாழ்ப்பாள் அசையவில்லை.

அப்போது அவன் செய்ததை அவள் எதிர்பார்க்கவே இல்லை. எழுந்தான். மேலே சுருட்டியிருந்த திரையின் கயிற்றை இழுத்துவிட்டான். திரை விழுந்ததும் வெளியே தெருவே அதிர்கிற மாதிரி ஆரவாரம். முத்தம் என்று நினைத்தார்கள் போல!

அரை இருட்டில் இருவரும் நின்றார்கள். சிரிக்க வேண்டியதில்லை.

"போகாதேன்னு சொன்னா இருப்பியா?"

"மாட்டேன்."

"சரி. கேட்டுப் பார்த்தேன்." திரைக் கயிற்றைக் கொக்கியில் மாட்டியபடி, "இதையே முன்னாடி கேட்டிருக்கணும், இல்ல?" என்றான்.

அவன் கதவை உள்ளங்கையால் ஓங்கி அறைந்தான். "முதலாளி, தொறங்க!"

திறந்த முதலாளியின் முகமெல்லாம் பல். "திரை! அடடா, இது எனக்குத் தோணலையே! அடுத்த வருஷமும் இதே மாதிரி..."

"அடுத்த வருஷம் நான் இல்ல முதலாளி. திங்கட்கிழமையிலிருந்தே இல்ல," என்றாள் அவள்.

"அட, புருஷன் பொண்டாட்டி சண்டையா? அப்புறம் பேசிக்கலாம், உள்ள போம்மா," என்று சிரித்துக்கொண்டே கதவைச் சாத்தப் போனார். சாத்த முடியவில்லை. அவன் கால் குறுக்கே இருந்தது.

"அவளை விட்ருங்க. நான் ஒருத்தன் உக்காந்துக்கறேன்."

அத்தனை வருஷத்தில் அவன் முதலாளியை எதிர்த்துச் சொன்ன முதல் வார்த்தை. அவர் நகர்ந்து வழிவிட்டார். அவள் வெளியே வந்தாள். பின்னால் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

தெருவில் கூட்டத்தோடு கூட்டமாக நின்று திரும்பிப் பார்த்தாள். அந்தக் கூண்டை வெளியிலிருந்து அவள் பார்த்ததே இல்லை. திரை ஏறியது. இரண்டு நாற்காலி, ஒரு ஆள். அவன் சாக்லேட்டை எடுத்துத் தன் வாயிலேயே போட்டுக்கொண்டு மெல்ல மென்றான். முழுங்க முடியாமல் முழுங்கினான். போய்க் கண்ணாடியைத் தட்டினால் போதும், முதலாளி ஓடி வந்து கதவைத் திறந்து அவளை மறுபடி உள்ளே விட்டுவிடுவார்.

அவள் ஒரு அடி முன்னால் வைத்தாள்.

"அக்கா, கொஞ்சம் தள்ளிக்கோங்க," என்றது பின்னாலிருந்து ஒரு குரல், அவள் முகம் பார்க்காமலே. "ஜோடி தெரியல."

தள்ளிக்கொண்டாள். இன்னும் கொஞ்சம் தள்ளினாள். அப்படியே தள்ளித் தள்ளிக் கூட்டத்தை விட்டே வெளியே வந்து, பேருந்து நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள்.