கடைவாய்ப் பல்லுக்குச் சம்மதம்

எனக்குக் கல்யாணம் நிச்சயமானதும் கடைவாய்ப் பல் வலி ஆரம்பித்ததும் ஒரே மாதத்தில். எண்பதுகளின் கடைசி அது. ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனி ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தேன். ஊர் உலகத்தின் காயத்துக்கெல்லாம் கட்டுப்போட எங்கள் ஊரிலிருந்துதான் துணி போகும். அதற்கான கடிதங்களை ஒரு கையால் கன்னத்தைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் தட்டிக்கொண்டிருப்பேன்.

முதலில் அம்மா கிராம்பு கொடுத்தாள். பிறகு உப்புத் தண்ணீர். வலது கன்னம் வீங்கி, வாய் திறக்கவே வலித்த ஒரு காலையில்தான் அப்பா என்னைப் பல் டாக்டரிடம் கூட்டிப்போனார். உரக்கடை ஒன்றின் மாடியில் புதிதாகக் கிளினிக் போட்டிருந்தவர். மெட்ராஸில் படித்துவிட்டுச் சொந்த ஊருக்கே திரும்பி வந்திருந்தார். வயது முப்பதுகூட இருக்காது. மாடிப்படி ஏறும்வரை யூரியா வாசனை, ஏறிய பிறகு ஸ்பிரிட் வாசனை.

அவர் எக்ஸ்ரே எடுத்து, தபால்தலை அளவு பிலிமை டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்துக் காட்டினார். "பாருங்கம்மா, ஒங்க தாடை சின்னது. இந்தக் கடைசிப் பல்லுக்கு இடமில்லாம படுத்துக்கிட்டு முன்னால இருக்க பல்லை முட்டுது. எடுத்திரணும். இடது பக்கமும் இதே மாதிரிதான் கெடக்கு. அதையும் சேர்த்து எடுத்துட்டா நல்லது."

"இடது பக்கம் வலிக்கலையே," என்றார் அப்பா.

"இன்னைக்கு வலிக்கலை. வேர் முழுசா இறங்குறதுக்குள்ள எடுத்தா சுலபமா வந்திரும். விட்டுட்டா பக்கத்துப் பல்லையும் சேர்த்துக் கெடுத்திரும்." கொஞ்சம் யோசித்துவிட்டு அவரே தொடர்ந்தார். "எடுத்த பொறவு ஒரு வாரம் வீக்கம் இருக்கும். சிலருக்குக் கீழுதடு கொஞ்ச நாள் மரத்துக் கெடக்கும். ரொம்ப அபூர்வமா அது சரியாகாமலும் போகலாம். இல்லைன்னு சொல்லி நான் ஒங்களை ஏமாத்தக் கூடாது."

எனக்கு அந்த நிமிஷமே அவர்மேல் நம்பிக்கை வந்துவிட்டது. எது நடக்கும், எது நடக்கலாம், எது தனக்கே தெரியாது என்று பிரித்துச் சொல்கிற மனிதரை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் எல்லாமே நிச்சயமாகத் தெரியும். அப்பாவுக்கோ அதே நிமிஷத்தில் நம்பிக்கை போய்விட்டது. படி இறங்கும்போதே சொல்லிவிட்டார்.

"வைத்தியம் பாக்குறவனுக்கே நம்பிக்கை இல்ல. உதடு மரத்துப் போகும்ங்கான். வலிக்காத பல்லையும் பிடுங்கணும்ங்கான். இவன் டாக்டரா, வியாபாரியா?"

அப்பா ஸ்பின்னிங் மில்லில் ஷிப்ட் சூப்பர்வைசர். சத்தத்தை வைத்தே எந்த மெஷினில் எந்த பேரிங் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவார். ஓடுகிற மெஷினை நிறுத்தி, இன்னும் தேயாத பேரிங்கையும் சேர்த்து மாற்றச் சொல்லி மேனேஜரிடம் சண்டை போடுகிறவரும் அவர்தான். அந்த நியாயம் மகளின் வாய்க்கும் பொருந்தும் என்று அவருக்குத் தோன்றவில்லை. நான் சொல்லிப் பார்த்தேன். "மெஷினும் நீயும் ஒண்ணா?" என்றார். ஒன்றில்லைதான். மெஷினுக்கு அவர் கொஞ்சம் யோசித்திருப்பார்.

அன்று சாயங்காலமே தெருவுக்குச் செய்தி போய்விட்டது. பல் பிடுங்கினால் கண் நரம்பு போய்விடும் என்றார் ஒருவர். பல்லுப் போனால் சொல்லுப் போச்சு என்றார் இன்னொருவர். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். இவர்கள் யாருக்கும் வந்திருக்கவில்லை.

இதோடு நின்றிருந்தால் நாலு நாள் அழுது அடம்பிடித்து அப்பாவைச் சம்மதிக்க வைத்திருப்பேன். கெடுத்தது அம்மா. அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, முறை தெரிந்தவள் என்பதால் சொன்னாள்.

"நிச்சயம் பண்ணியாச்சு. இனிமே இவ அவிய வீட்டுப் பொண்ணு. ஆபரேசன் அது இதுன்னா அவியட்ட ஒரு வார்த்தை கேக்காம செய்யலாமா? நாளைக்கு ஒண்ணுன்னா நம்ம தலையிலதான் விடியும்."

எங்கள் பக்கத்தில் அது வழக்கம்தான். தாம்பூலம் மாற்றிவிட்டால், பெண் இன்னும் அப்பன் வீட்டுச் சோற்றைத்தான் தின்றுகொண்டிருப்பாள், ஆனால் தலைமுடியை ஓரம் வெட்டக்கூட மாப்பிள்ளை வீட்டைக் கேட்பார்கள். அதுவரை அது எனக்கு ஒரு வேடிக்கையாகத்தான் இருந்தது. பல்லுக்கும் கேட்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா வேட்டி மாற்றிக்கொண்டு, மகளின் கடைவாய்ப் பல்லுக்குச் சம்மதம் வாங்க ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினார்.

மாப்பிள்ளை வீடு கோயில் காரியங்களில் முன்னால் நிற்கிற குடும்பம். மாமியாராகப் போகிறவர் பேச்சு நறுக்கென்று இருக்கும். அங்கே நடந்ததை அப்பா திரும்பி வந்து அம்மாவிடம் சொன்னார். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன், என்னிடம் சொல்லவில்லை. அந்த அம்மாள் முதலில் கேட்ட கேள்வி, "பொண்ணுக்கு வாயில வேற எதும் கொறை இருக்கா? இருந்தா இப்பவே சொல்லிருங்க" என்பது. அப்பா பதறிப்போய் இல்லவே இல்லை என்று சத்தியம் செய்திருக்கிறார். அதன் பிறகு அவர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பூ கட்டிப் பார்ப்பது.

ஒரு பொட்டலத்தில் சிவப்புப் பூ, இன்னொன்றில் வெள்ளைப் பூ. இரண்டையும் இலையில் மடித்துப் பூஜை அறையில் நாச்சியார் படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டு ஒன்றை எடுப்பது. சிவப்பு வந்தால் பல்லை எடுக்கலாம். வெள்ளை வந்தால் எடுக்கக் கூடாது. எக்ஸ்ரே பிலிம் அப்பாவின் சட்டைப் பையில்தான் இருந்தது. அதை யாரும் வெளியே எடுக்கவில்லை. மாமியார் தன் கையாலேயே ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். வெள்ளை.

"தெய்வமே சொல்லிட்டுது, பொறவு என்ன," என்று முடித்தார் அப்பா. அவர் முகத்தில் பெரிய நிம்மதி. யார்மீதும் இனிப் பழி வராது.

எனக்கு வந்த கோபம் சாமிமேல் இல்லை. தனக்கு யார் வேண்டும் என்று தானே முடிவு செய்து, பெற்ற அப்பனே மலைத்துப் போகும்படி நின்றவள் அந்த நாச்சியார். அவளிடம் போய், கேட்க வேண்டியவளைத் தவிர மற்ற எல்லோருமாகச் சேர்ந்து என் பல்லைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். அவளுக்கு வாய் இருந்திருந்தால் அன்றைக்கு அந்த வீட்டில் எல்லோருக்கும் நல்லதாக நாலு வார்த்தை கிடைத்திருக்கும்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் கன்னம் மறுபடி வீங்கியது. மாத்திரை போட்டு வலியை அடக்கினார்கள், வீக்கம் அடங்கவில்லை. போட்டோகிராபர் நல்ல மனிதர். "கொஞ்சம் இந்தப் பக்கமா திரும்பிக்கோங்க" என்று சொல்லிச் சொல்லியே எடுத்தார். ஆல்பம் முழுக்க என் இடது கன்னம்தான் இருக்கிறது. யாரிடமோ கோபித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்ட மணப்பெண் போல இருப்பேன். அது ஒருவகையில் உண்மையும்தான். பந்தியில் உட்கார்ந்து இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு சடங்குக்குப் பாலும் பழமும் கொடுத்தார்கள். அன்று முழுக்க என்னால் விழுங்க முடிந்தது அது ஒன்றுதான். இன்னொரு பழம் கேட்டேன். "வாரப்பவே பொண்ணுக்கு ஆசையப் பாரு" என்று பெண்கள் கூட்டம் சிரித்தது.

ஸ்ரீவில்லிபுத்தூர் போன மூன்றாவது வாரம் சமையலறையில் மாமியார் பக்கத்து வீட்டம்மாளிடம் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. "வாய்ச் சீக்கை மறைச்சுக் கட்டி வச்சிட்டாவ. எம்புட்டு வீங்கிக் கெடக்கு பாருங்க. அன்னைக்கே கேட்டேன், கொறை இருக்கான்னு. சத்தியம் பண்ணிட்டுப் போனாரு மனுசன்." வந்து கேட்ட மனிதரைத்தான் மறைத்தவர் என்றார்கள். இதை அப்பாவிடம் சொன்னேன். அவர் சண்டைக்குப் போகவில்லை. "பெரியவிய ஏதாவது சொல்லுவாவ, நீ காதுல போட்டுக்காத," என்றார். பேரிங்குக்காக மேனேஜரிடம் சண்டை போடுகிற அப்பாதான் இவர். அன்றைக்கு எனக்கு அவர்மேல் ஏற்பட்ட கசப்பு அவர் செத்த பிறகும் முழுதாகப் போகவில்லை. போனதாகச் சொன்னால் பொய்.

ஒருநாள் அம்மாவைப் பார்த்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு நேராக அந்த உரக்கடை மாடிக்குப் போனேன். தனியாகத்தான். டாக்டருக்கு என்னை ஞாபகம் இருந்தது. வாயைத் திறக்கச் சொல்லி, விளக்கைப் போட்டுப் பார்த்தார்.

"ஏம்மா இத்தனை நாள் விட்டீங்க?"

"இன்னைக்கே எடுத்திருங்க டாக்டர். ரெண்டையும்."

"கூட யாரும் வரலையா?"

"இல்ல."

அவர் விளக்கை அணைத்தார். "வீட்டுக்காரரை ஒரு தடவை கூட்டிட்டு வாங்கம்மா. அவர்ட்டயும் வெவரம் சொல்லிட்டுச் செஞ்சிருவோம்."

"எம் பல்லுதான டாக்டர்?"

"தப்பா நினைக்காதீங்க. ஒங்களை எனக்குத் தெரியாதா? பொறவு ஏதாவது வீக்கம் கீக்கம்னா, கேக்காம செஞ்சிட்டான்னு வந்து நிப்பாங்க. நான் இந்த ஊர்லதான தொழில் பண்ணணும்."

எது உண்மையோ அதை மறைக்காமல் சொல்கிறவர் என்று நான் நம்பிய மனிதர். அன்றைக்கும் அவர் உண்மையைத்தான் சொன்னார். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. திட்டலாம் என்றால்கூட அவரிடம் பொய் இல்லை.

என் கணவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கூட்டுறவுச் சங்கத்தில் வேலை. குரலை உயர்த்திப் பேச மாட்டார். வலியில் நான் புரண்டால் எழுந்து வெந்நீர் வைத்துக் கொடுப்பார். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். முழுதாகக் கேட்டார், தலையை ஆட்டினார், "பாவம், கஷ்டந்தான்," என்றார். பிறகு, "அம்மாட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்லுதேன்," என்றார்.

அவருடைய அம்மாவின் பதில் எனக்கு முன்பே தெரியும். வெள்ளைப் பூவுக்குக் காலக்கெடு கிடையாது. கல்யாணம் வரை என்றோ, அதற்குப் பிறகு ஆகலாம் என்றோ அன்றைக்கு யாரும் சாமியிடம் கேட்டு வைக்கவில்லை. ஆகவே அது எப்போதைக்குமான உத்தரவாகிவிட்டது. அப்புறம் நான் உண்டானேன். இந்த நேரத்தில் வேண்டாம், பிள்ளை பிறக்கட்டும் என்று டாக்டரே சொல்லிவிட்டார். ஒன்பது மாதமும் இடது பக்கமாகவே மென்றேன். கடைசி மாதத்தில் இடது பக்கமும் வலிக்க ஆரம்பித்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என் மகன் பிறந்தான். பிரசவத்துக்கு அம்மா வீட்டில் இருந்துவிட்டு, மூன்றாம் மாதம் பிள்ளையோடு ஸ்ரீவில்லிபுத்தூர் திரும்பினேன். பச்சை உடம்பு, இப்போது பல் பேச்சு வேண்டாம் என்று அம்மா அங்கேயும் விடவில்லை. வந்த சில நாளில் குளிரும் காய்ச்சலும். கன்னம் கழுத்து வரைக்கும் இறங்கி வீங்கியது. வாய் ஒரு விரல் அளவுக்குமேல் திறக்கவில்லை. கஞ்சியை ஓரத்தில் ஊற்றி ஊற்றித்தான் குடித்தேன். இரண்டு நாள் மாமியார் அதைப் பார்த்துக்கொண்டு, "பச்சைத் தண்ணில குளிச்சிருப்பா," என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் எனக்குப் பால் வற்றிவிட்டது. பிள்ளை மாரில் முட்டி முட்டிப் பார்த்துவிட்டு அலறினான். அலறல் தெருவரை கேட்டது.

மாமியார் ஓடிவந்து நின்றார். பிள்ளையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பால் இல்லையாடி?" என்றார். நான் தலையை ஆட்டினேன். தன் மகனைக் கூப்பிட்டார். "ஏலே, போய் ஒரு டாக்சி புடிச்சிட்டு வா. ராசபாளையத்துக்குப் போணும். அந்தப் பல்லு டாக்டர்ட்ட." யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பூக்கூடை பூஜை அறையில் அப்படியே இருந்தது. என் கணவர் சட்டையை மாட்டி முடிப்பதற்குள் அவர் பிள்ளையைத் துண்டில் சுற்றிக்கொண்டு வாசலில் நின்றார்.

உரக்கடை மாடிப்படியை என்னைவிட வேகமாக ஏறினார் மாமியார். டாக்டர் புதிதாக ஒரு எக்ஸ்ரே எடுத்தார். வலது பக்கம் பக்கத்துப் பல்லும் வேரோடு கெட்டிருந்தது. முதலில் ஊசி போட்டு வீக்கத்தை வடிய வைக்க வேண்டும், பிறகு எடுக்க வேண்டும், இரண்டு பல் என்பது இப்போது மூன்றாகிவிட்டது என்றார். வேர் நன்றாக இறங்கிவிட்டதால் முன்பைவிடக் கஷ்டம் என்பதையும் மறைக்கவில்லை.

"எத்தனை பல்லு வேணும்னாலும் எடுங்க டாக்டர்," என்றார் மாமியார். "பிள்ளைக்குப் பால் வேணும்லா."

டாக்டர் அவரை விட்டுவிட்டு, நாற்காலியில் சாய்ந்திருந்த என் பக்கம் குனிந்தார். அன்று தனியாக வந்த என்னைத் திருப்பி அனுப்பியது அவருக்கும் உறுத்தியிருக்க வேண்டும். என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டார்.

"ஒங்களுக்குச் சம்மதமாம்மா?"

நான் வாயைத் திறக்கப் பார்த்தேன். தாடை நகரவில்லை.

"சம்மதம், சம்மதம்," என்றார் என் தலைக்குப் பின்னால் நின்ற மாமியார். டாக்டர் ஊசியை எடுக்கத் திரும்பினார்.