கிளெனாரொக் வீட்டின் கீழ்த்தளம்

எங்கள் தமிழ் முதியோர் சங்கத்தின் யாப்பில், அதாவது விதிமுறைத் தொகுப்பில், ஒன்பதாம் பிரிவு இப்படிச் சொல்கிறது: "உறுப்பினர் ஒருவர் எழுத்தில் முன்வைக்கும் வேண்டுகோள் அடுத்து வரும் செயற்குழுக் கூட்டத்தில் எடுத்துக்கொள்ளப்படும். கூட்டம் முடிந்து இரண்டு கிழமைக்குள் அவருக்கு எழுத்தில் பதில் அனுப்பப்படும்." வாசகத்தில் ஒரு குறையும் இல்லை. அதை எழுதியவன் நான். சிட்னியில் ஒரு கவுன்சிலின் கட்டட அனுமதிப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவனிடம் யாப்பு எழுதக் கொடுத்தால் அப்படித்தான் எழுதுவான். தமிழ்ச் சங்கம் ஒன்றில் யாப்பு எதற்குப் பயன்படும் என்று அப்போது யாரும் எனக்குச் சொல்லவில்லை. அலுமாரியில் வைத்துப் பூட்டுவதற்கு.

இந்தக் கதை தேயிலைப் பெட்டியில் தொடங்குகிறது. சிட்னியின் புறநகரான கிரவீனில் எங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள சுப்பர் மார்க்கெட்டில் "ஸ்கொட்டிஷ் பிரேக்ஃபஸ்ட்" என்று ஒரு தேயிலை விற்கிறார்கள். பெட்டியில் கட்டம் போட்ட ஸ்கொட்லாந்துத் துணியின் படம். என் மனைவி பாக்கியம் ஒவ்வொரு முறையும் அதைக் கையில் எடுப்பாள், திருப்புவாள், எங்கே விளைந்தது என்று தேடுவாள். அது எழுதியிருக்காது. பிறகு அதையே வாங்குவாள். "அங்க ஒரு செடி கூட முளைக்காதுங்க" என்பாள். தேயிலையைப் பற்றி அவளோடு நான் வாதாடுவதில்லை. அவள் பிறந்தது இலங்கையின் மலைநாட்டில், கிளெனாரொக் என்ற தோட்டத்தின் லயத்தில். லயம் என்றால் ஒரே கூரையின் கீழ் வரிசையாக அடுக்கிய அறைகள். ஒரு குடும்பத்துக்கு ஒரு அறை. நான் யாழ்ப்பாணத்திலிருந்து இளம் பொறியியலாளனாக அங்குள்ள ஹற்றன் நகருக்கு மாற்றலாகிப் போனபோது அவள் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தாள். இந்தியாவிலிருந்து கூலிக்குக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்த அவளுடைய தகப்பனார், குடியுரிமை பறிக்கப்பட்டு, அப்போதும் கடதாசியில் நாடற்றவர். மூன்று தலைமுறை தேயிலை நட்டவருக்கு அந்த நாட்டில் ஒரு பெயரும் இல்லை. தோட்டத்துக்கு மட்டும் வெள்ளைக்காரத் துரை வைத்த பெயர் இருந்தது.

சிட்னித் தமிழர் ஒருவரையொருவர் முதன்முதலில் சந்தித்தால் சுகம் கேட்பதற்கு முன் "ஊரிலை எவடம்?", எந்த இடம், என்று கேட்பார்கள். யாழ்ப்பாணத்து ஆளுக்கு அது சாதாரணக் கேள்வி போலக் கேட்கும். உண்மையில் அது ஒரு விசாரணை. ஊர் தெரிந்தால் குறிச்சி, குறிச்சி தெரிந்தால் கோயில், கோயில் தெரிந்தால் மற்றதெல்லாம் தெரியும். பாக்கியம் அந்தக் கேள்விக்கு ஒரு நாளும் மழுப்பியதில்லை. "தோட்டம்" என்பாள். கேட்டவர் "ஆ, கண்டிப் பக்கமோ?" என்று தாமே அவளுக்கு ஒரு மரியாதையான ஊரை ஒதுக்கிக் கொடுத்துவிட்டுப் பேச்சை மாற்றுவார். வருடத்தில் ஒரு நாள் மட்டும் அந்தக் கேள்வி எழாது. எண்பத்துமூன்றில் இலங்கையில் தமிழரைத் தேடித் தேடி எரித்த கலவரத்தின் நினைவாக ஒவ்வொரு ஜூலை இருபத்துமூன்றாம் திகதியும் சங்கம் விளக்கேற்றும். பாக்கியத்தின் அண்ணனுடைய கடையும் அந்தக் கிழமைதான் எரிந்தது. கொளுத்த வந்தவர்கள் யாரும் எவடம் என்று கேட்கவில்லை. ஆண்டு தவறாமல் அவள் வெள்ளைச் சேலை கட்டிப் போய் ஒரு விளக்கு ஏற்றுவாள்.

போன வருடம் எங்கள் மகள் ஆரணி ஸ்கொட்லாந்தின் எடின்பரோவில் வைத்தியராக வேலைக்குச் சேர்ந்தாள். நாங்கள் போய் ஒரு மாதம் நின்றோம். நான் வாழ்நாள் முழுவதும் கட்டடப் படங்கள் பார்த்தவன். ஒரு நகரத்தை அதன் முகப்புப் படத்தை வைத்து மதிப்பிடக் கூடாது, குறுக்குவெட்டுப் படத்தைக் கேட்டு வாங்க வேண்டும் என்பது என் கொள்கை. எடின்பரோ எனக்காகவே கட்டிய நகரம் போல இருந்தது. பழைய நகரம் ஒரு மலைமுதுகில் ஏறி நிற்கிறது. நடுத்தெருவின் இரு பக்கமும் 'குளோஸ்' என்கிற சந்துகள், மீன்முள்ளுப் போலக் கீழிறங்குகின்றன. இடம் போதாமல் அந்தக் காலத்திலேயே பல மாடி எழுப்பியிருக்கிறார்கள். பணக்காரனும் ஏழையும் ஒரே படிக்கட்டில் ஏறி வேறு வேறு தளத்தில் இருந்தார்கள். பிறகு பள்ளத்துக்கு மேலே ஒரு பாலம் கட்டினார்கள். வளைவு வளைவாகப் பெரிய பாலம், ஆனால் மேலே நடப்பவனுக்குப் பாலத்தில் நிற்கிறோம் என்றே தெரியாது. இரு பக்கமும் கடைகளைக் கட்டி மறைத்துவிட்டார்கள். ஒரேயொரு வளைவு மட்டும் வெளியே தெரிகிறது. மற்ற வளைவுகளுக்குள் சாராயக் களஞ்சியமும் சப்பாத்துத் தைப்பவரும் இருந்தார்கள். ஈரம் ஊறி அவர்கள் போனபின், போக்கிடம் இல்லாத ஏழைகள் குடும்பம் குடும்பமாக வெளிச்சமில்லாமல் குடியிருந்தார்கள். அப்புறம் மண்ணைப் போட்டு மூடி மறந்தும் போனார்கள். இன்னோரிடத்தில் ஒரு சந்தின் வீடுகளில் மேற்பாதியை வெட்டிவிட்டு, கீழ்ப்பாதியை அத்திவாரமாக வைத்து, மேலே அரசாங்கக் கட்டடம் எழுப்பியிருக்கிறார்கள். வீடுகள் உள்ளே அப்படியே நிற்கின்றன. கட்டட அனுமதிக்கு என்னிடம் வந்திருந்தால் நான் கேட்டிருக்கக்கூடிய முதல் கேள்வி: கீழே இருந்தவர்கள் எங்கே போனார்கள்?

சுற்றுலா வழிகாட்டி அதற்குப் பேய்க்கதை சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். பாக்கியம் ஈரச்சுவரில் கையை வைத்தபடி நின்றாள். "எங்க லயத்தோட பின் சுவரும் இப்படித்தாங்க. மழைக்கு ஊறும். பேயெல்லாம் கெடையாது. இருமல்தான்" என்றாள்.

அடுத்த நாள் ஆரணி எங்களைப் புதிய நகரத்துக்குக் கூட்டிப் போனாள். புதிது என்பது அவர்களுடைய கணக்கு. இரண்டு நூற்றாண்டுக்கு மேல் பழையது. நாற்றமும் நெரிசலும் வேண்டாம் என்று வசதியானவர்கள் பள்ளத்தைத் தாண்டிப் போய்க் கட்டிய நேரான தெருக்கள். எல்லா வீட்டுக்கும் ஒரே உயரம், ஒரே மணற்கல், ஒரே அமைதி. தெருமட்டத்துக்குக் கீழே வேலைக்காரருக்கும் நிலக்கரிக்கும் ஒரு தளம். அங்கே ஒரு வாசலின் முன்னால் பாக்கியம் திடீரென்று நின்றாள். கதவுக்கு மேலே கல்லில் செதுக்கியிருந்தது: கிளெனாரொக். பக்கத்தில் ஒரு பித்தளைத் தகடு. இந்த வீட்டைக் கட்டியவர் வணிகர், கொடையாளர், இலங்கையில் கிளெனாரொக் தோட்டத்தை நிறுவியவர் என்று அது சொல்லியது. மலையை வெட்டியவர், நட்டவர், கொழுந்து பறித்தவர் பற்றி ஒரு சொல் இல்லை. காட்டை அவர் தனியாகவே வெட்டியிருக்க வேண்டும்.

கதவு திறந்து ஒரு வயதான ஸ்கொட்டிஷ் பெண்மணி வெளியே வந்தார். நாங்கள் வாசலை மறித்து நிற்பதைப் பார்த்து, யாரைத் தேடுகிறோம் என்று கேட்டார். பாக்கியம் தன் பள்ளிக்கூட ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னாள்: "நான் கிளெனாரொக்கில் பிறந்தேன்."

அவர் முகம் மலர்ந்தது. அந்த வீடு இப்போது தளம் தளமாகப் பிரித்து விற்கப்பட்டிருந்தது. "அப்படியா! எந்தத் தளத்தில்?"

பாக்கியம் சற்று யோசித்தாள். "எல்லாவற்றுக்கும் கீழே."

"ஐயோ பாவம்," என்று அந்த அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்தக் கீழ்த்தளம் சரியான ஈரம். எனக்குத் தெரியும்."

திருத்திச் சொல்ல ஆரணி வாய் எடுத்தாள். பாக்கியம் அவளைத் தடுத்தாள். அன்றிரவு சாப்பாட்டு மேசையில் என்னிடம் சொன்னாள்: "அந்தத் தகட்டுல ஒரு வரி சேக்கணுங்க. உங்களுக்குத்தான் எல்லா நடைமுறையும் தெரியுமே." நாற்பது வருடத்தில் அவள் என் உத்தியோகத்தை ஒரு வேலைக்குக் கேட்டது அதுதான் முதல் தடவை.

நான் செய்தேன். அத்தெருவின் தகடுகளைப் பராமரிக்கும் பாரம்பரிய அமைப்புக்குச் சிட்னியிலிருந்து எழுதினேன். தகடுகளைப் புதுப்பிக்க இருப்பதாகவும் ஜூன் முடிவுவரை ஆலோசனைகளை ஏற்பதாகவும் அவர்களுடைய இணையத்தளத்தில் இருந்தது. நாங்கள் கேட்ட வரி: "இந்த வீட்டைக் கட்டிய பணம் கிளெனாரொக் தோட்டத்தின் தமிழ்த் தொழிலாளருடைய உழைப்பில் வந்தது." அவர்கள் இழுத்தடிப்பார்கள் என்று ஆவலோடு காத்திருந்தேன், சண்டைக்கு நாலு பிரதிகள் எடுத்துக்கூட வைத்திருந்தேன். ஏமாற்றிவிட்டார்கள். சில நாட்களிலேயே பதில் வந்தது. கோரிக்கை நியாயமானது, ஆதாரங்கள் போதும், அந்தச் சமூகத்தைச் சார்ந்த ஓர் அமைப்பின் ஆதரவுக் கடிதம் மட்டும் திகதிக்குள் வேண்டும் என்றார்கள். வெள்ளைக்காரன் சம்மதித்துவிட்டான். இனி எங்கள் ஆட்கள் ஒரு கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான்.

ஒன்பதாம் பிரிவின்படி, வேண்டுகோளோடு ஆதரவுக் கடிதத்தின் வரைவையும் சங்கத்துக்கு எழுத்தில் கொடுத்தேன். அடுத்து வந்த மாதாந்த மதியச் சாப்பாட்டில் சங்கத் தலைவர் சிவபாதம் கையில் வடையோடு எங்களிடம் வந்தார்.

"ஐசே, கடிதம் வாசிச்சனான். நல்ல விசயம். ஒரு சின்னத் திருத்தம்தான். 'தோட்டத்தின் தொழிலாளர்' எண்டு போட்டா, வெள்ளையள் எங்கள் எல்லாரையும் கூலியாக் கொண்டுவந்த ஆக்கள் எண்டெல்லோ நினைப்பினம். பொதுவா 'இலங்கைத் தமிழ் மக்கள்' எண்டு போடுவம்."

"அப்ப ஆர் உழைச்சது எண்டு தெரியாதே," என்றேன்.

"தெரிஞ்சு என்ன செய்யப் போறாங்கள்? ஒற்றுமை முக்கியம் ஐசே."

பாக்கியம் அந்த மண்டபத்துக்குள் எப்போதும் எங்களுடைய யாழ்ப்பாணத் தமிழைத்தான் பேசுவாள். வாறன், போட்டு வாறன், ஓம் அண்ணை. அன்று அது நின்றது. "எங்க ஆளுங்க அட்டைக்கடியில கொழுந்து எடுக்கையில நீங்க யாரும் பக்கத்துல நிக்கலியே அண்ணே. இப்ப தகட்டுக்கு மட்டும் வந்து நிக்கிறீங்க?"

சிவபாதம் சிரித்தார். "தங்கச்சி நல்லாப் பகிடி விடுறா. சரி, கொமிற்றியிலை போட்டுப் பாப்பம். ரண்டு நாளிலை சொல்லுறன்."

மே மாதக் கூட்டத்தில் சிட்னிக்கு வெளியே உள்ள ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்குப் பஸ் பிடிப்பதா, ஆளாளுக்குக் காரில் போவதா என்ற விவாதம் நேரத்தைத் தின்றது. எங்கள் விடயம் ஒத்திவைக்கப்பட்டது. ஜூன் கூட்டத்தில் ஆள் போதவில்லை. தலைவர் கப்பல் சுற்றுலாவில் இருந்தார். கூட்டத்துக்கு இத்தனை பேர் வேண்டும் என்ற விதியையும் நான்தான் எழுதியிருந்தேன். ஆரணி தொலைபேசியில், "அப்பா, why don't you just start your own?" என்றாள். சொந்தமாக ஒரு சங்கம் தொடங்கச் சட்டப்படி ஐந்து உறுப்பினர் வேண்டும். பாக்கியம் தனக்குத் தெரிந்த தோட்டத்து ஆட்கள் மூன்று பேரிடம் பேசினாள். இருவர் இங்கே வந்த நாளிலிருந்து தங்களைக் கண்டி என்று சொல்லி வருகிறவர்கள், அவர்கள் சேரவில்லை. அதில் ஒருத்தி கைகூப்பினாள்: "அக்கா, பிள்ளைக்குக் கல்யாணம் பேசுறோம். எங்களை விட்டுருங்க." ஜூன் முடிந்தது. திகதி கடந்துவிட்டதாகவும், தகடு பழைய வாசகத்தோடு புதுப்பிக்கப்படும் என்றும், அடுத்த தடவை பல ஆண்டுகளுக்குப் பிறகே என்றும் எடின்பரோவிலிருந்து எழுதினார்கள். வருத்தமும் தெரிவித்திருந்தார்கள். விதி அவர்களுடையது, அதைக் காப்பாற்றினார்கள். அவர்களிடம் கோபிக்க எனக்கு ஒரு பிரிவும் கிடைக்கவில்லை.

பிறகு ஒரு பின்னேரம் சங்கத்தின் மின்னஞ்சல் வந்தது. மேலே அன்றைய மாலைக் கூட்டத்துக்கு எல்லா உறுப்பினருக்குமான அழைப்பு: "எமது வரலாற்றை மறைக்க எவரையும் அனுமதியோம். அனைவரும் திரண்டு வாரீர்." கீழே எனக்குத் தனியாக ஒரு வரி, தாமதத்துக்கு மன்னிக்கவும், கடிதம் இணைப்பில். திறந்து பார்த்தேன். கடிதத்தின் தலைப்பில் ஜூன் மாதத் திகதியைப் போட்டிருந்தார்கள். நடைமுறை தெரிந்தவர்கள்தான். 'தொழிலாளர்' இருந்த இடத்தில் 'மக்கள்' இருந்தார்கள். தோட்டத்தைக் காணவில்லை.

பாக்கியம் என் தோளுக்குப் பின்னால் நின்று கடைசிவரை வாசித்தாள். கதிரையின் முதுகில் அவளுடைய வெள்ளைச் சேலை கிடந்தது, பாதி இஸ்திரி போட்டு மினுக்கியும் பாதி கசங்கியும். அவள் போய் மினுக்கியின் சுவிட்சை அணைத்தாள். சேலையை எடுக்கவும் இல்லை, மடித்து உள்ளே வைக்கவும் இல்லை.

"இன்னைக்கு என்ன தேதிங்க?" என்று கேட்டாள், தெரியாதவள் போல.

சொன்னேன். ஜூலை இருபத்துமூன்று.