எலுமிச்சை வாளியும் மாப்பிள்ளை வீட்டாரும்

போன ஞாயிற்றுக்கிழமை என் வீட்டு வண்ணத்துப்பூச்சிகளுக்குப் பெரிய நஷ்டம் ஒன்று வந்தது. காரணம் மழை இல்லை. பூச்சி மருந்தும் இல்லை. என் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள்.

நடந்ததைச் சொல்கிறேன். அதற்கு முன் வாளிகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வாளி புரியாமல் மற்றது புரியாது.

நாங்கள் இருப்பது பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகள். ஒவ்வொரு வீட்டுக்கும் முன்னால் ஒரு சின்ன வராந்தா. இஸ்தோப்பு என்போம். இஸ்தோப்பை விட்டு இறங்கினால் தோட்டத்து மண். அதில் நான் ஒரு ரோஜாவை நட்டால், அந்த ரோஜா யாருடையது?

எனக்கு விடை தெரியாது. படித்தவர்களிடமும் கேட்டுப் பார்த்தேன்... அவர்களுக்கும் தெரியவில்லை. அதனால் வாளியில் நடுகிறேன். மண் தோட்டத்துடையது, வாளி என்னுடையது. நாளைக்கே எடு என்றால் தூக்கிக்கொண்டு போகலாம்.

பெயின்ட் வாளி, உரப் பை, பால்மா டின், உடைந்த பேசின்... எது கிடைத்தாலும் சரி. அடியில் ஓட்டை போட வேண்டும். இல்லாவிட்டால் எங்கள் ஊர் மழையில் செடி நீச்சல் பழகும். வெயில் விழுகிற பக்கம் வைக்க வேண்டும். வண்ணத்துப்பூச்சிக்குக் குளிர் ஆகாது. இந்த ஒரு விஷயத்தில் அதுவும் என் மனைவியும் ஒரே மாதிரி.

முதலில் ஸீனியாப் பூ மட்டும் போட்டேன். வண்ணத்துப்பூச்சி வந்தது, தேன் குடித்தது, போய்விட்டது. தேத்தண்ணிக் கடைக்கு வந்தவர் மாதிரி. அது நம்மோடு தங்க வேண்டும் என்றால் பூ போதாது. அதன் பிள்ளைகளுக்குச் சாப்பாடு வேண்டும். பிள்ளை என்றால் புழு. அந்தப் புழுவுக்கு எல்லா இலையும் இறங்காது. எங்கள் பக்கம் வருகிற கறுப்பும் மஞ்சளும் கலந்த பூச்சிக்கு எலுமிச்சையும் கறிவேப்பிலையும்தான் வேண்டும். அதுவும் இளந்துளிராகப் பார்த்து முட்டை வைக்கும். ஆகவே ஒரு வாளியில் கறிவேப்பிலை. ஒரு பெரிய வாளியில் எலுமிச்சை.

புழுக்கள் வந்தன. சாப்பிட்டன. நன்றாகவே சாப்பிட்டன.

என் மனைவி செல்வமணி மலையில் தேயிலைக் கொழுந்து கிள்ளி எடுக்கிறவள். நான் தேயிலை பெக்டரியில் வேலை. அவள் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னதை என் காதால் கேட்டேன். "ஊர்ல எல்லாரும் செடிக்குப் புழு வராமப் பாத்துக்குவாங்க. இந்த மனுசன் புழுவுக்குன்னே செடி வளக்குறாரு."

உண்மை. மறுத்துப் பேச என்னிடம் ஒன்றும் இல்லை. இருந்தாலும் பேசியிருக்க மாட்டேன். இந்தப் பத்திரிகைப் பத்தியை வழக்கமாகப் படிக்கிறவர்களுக்குத் தெரியும், எனக்கு எழுத்து வருகிற அளவுக்குப் பேச்சு வராது. எழுத்தும் ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான்.

இனி மகளுக்கு வருவோம். நிரோஷா பதுளை டவுனில் ஒரு பாமசியில் மருந்து எடுத்துக் கொடுக்கிற வேலை செய்கிறாள். எதிரே ஒரு போன் கடை. அதில் சுரேஷ் என்று ஒரு பையன். அவள் போன் அடிக்கடி பழுதாகும்போதே எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. பிறகு அவளே சொன்னாள். நல்ல பையன். அப்பா இல்லை, அம்மாவும் தாய்மாமாவும்தான். மாமாவுக்கு டவுனில் ஹார்ட்வெயார் கடை. அந்த வீட்டில் அவர் சொல்வதுதான் சட்டம்.

சனிக்கிழமை சாயங்காலம் நிரோஷா என்னிடம் வந்தாள்.

"அப்பா, நாளைக்கி ஒங்க வாளியெல்லாம் பின்னுக்குத் தூக்கி வச்சிருங்க."

"சரி."

"அந்த மாமா ஒரு மாதிரியான ஆளாம். நீங்க பாட்டுக்குச் செவுரு மாதிரி ஒக்காந்திருக்காதீங்க. ஒரு வார்த்தயாவது பேசுங்கப்பா."

"சரி."

வாளிகளைப் பின்னால் வைத்தேன். எலுமிச்சை வாளியை மட்டும் அசைக்க முடியவில்லை. இஸ்தோப்பு ஓரத்தில் பலகை மேல் அது அப்படியே இருந்தது. புழுக்கள் இருப்பதும் அதில்தான். நான் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வேனில் வந்து இறங்கினார்கள். மாமா வெள்ளைச் சட்டை. சுரேஷ் சட்டைக் கையை மடிப்பதும் இறக்குவதுமாக இருந்தான். அவன் அம்மா வாய் திறக்கவில்லை. என்னைவிடக் கூச்சம் உள்ள ஒருவரை அன்றுதான் பார்த்தேன்... ஒரு ஆறுதல்.

வீட்டுக்குள் புழுக்கம். நாற்காலிகளை இஸ்தோப்பில் போட்டோம். தேத்தண்ணி வந்தது. சுரேஷின் அம்மா காற்று வாங்குகிற மாதிரி எழுந்துபோய், எலுமிச்சை வாளி பக்கம் வெளியே பார்த்து நின்றுகொண்டார். அவருக்கு நேர் பின்னால் மாமா, கையில் கோப்பையோடு. பேச்சை அவர்தான் ஆரம்பித்தார்.

"பொண்ண எங்களுக்குப் புடிச்சிருக்கு. ஒரே ஒரு விசயம்தான். கல்யாணக் கார்டுல தோட்டத்துப் பேரு வேணாம். பசற டவுன்னு போட்டுக்கலாம்."

நான் தலையை ஆட்டினேன். யார் எதைச் சொன்னாலும் முதலில் என் தலை ஆடிவிடும்.

"எங்க ஆளுங்கல்லாம் டவுன்காரங்க பாருங்க. எங்க குடும்பத்துல ஒருத்தரும் மலைக்குப் போனதில்ல. அதனால..." என்று என் மனைவியைப் பார்த்தார். "அம்மா கொழுந்து எடுக்குறாங்கன்னு கல்யாணத்துல யாரும் கேட்டா சொல்ல வேணாம். வீட்டுல இருக்காங்கன்னு சொல்லிக்கலாம்."

செல்வமணி குனிந்து பலகாரத் தட்டை நேராக வைத்தாள். அது ஏற்கனவே நேராகத்தான் இருந்தது.

நிரோஷா என்னைப் பார்த்தாள். என் மகளை எனக்குத் தெரியும். அம்மாவை மறைத்துத்தான் கல்யாணம் என்றால், கல்யாணமே வேண்டாம் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவாள். போய் அழுவாள். அவளுக்குச் சுரேஷ் வேண்டும். இப்போது யாராவது பேச வேண்டும் — அது நான்தான். நான் கோப்பையை எடுத்துத் தேத்தண்ணியை ஒரு வாய் குடித்தேன்.

அப்போது மாமாவின் கோப்பைக்குள் ஒரு இலை விழுந்தது.

அவர் அதை விரலால் எடுத்துப் போட்டார். இன்னொன்று தோளில் விழுந்தது. தட்டிவிட்டார். மூன்றாவதாக ஒரு கொத்தே தலையில் வந்து உட்கார்ந்தது. அவர் அண்ணாந்து கூரைத் தகரத்தைப் பார்த்தார்.

"இங்கின மரமே இல்லியே... எங்கேருந்து எல விழுது?"

ஒரு வார்த்தையாவது பேசச் சொல்லியிருக்கிறாள் மகள். இதுவோ எனக்குப் பதில் தெரிந்த கேள்வி. நான் சொன்னேன்:

"எலுமிச்சங்க."

அன்றைக்கு நான் பேசியது அவ்வளவுதான். எல்லோரும் எலுமிச்சைப் பக்கம் திரும்பினார்கள். அங்கே சுரேஷின் அம்மா நின்றுகொண்டிருந்தார். கண் எதிரே உள்ள மலையில். இரண்டு கையும் எலுமிச்சையில். இரண்டிலை ஒரு மொட்டு கணக்கில் துளிரைக் கிள்ளுகின்றன, உள்ளங்கை நிறைந்ததும் தோளுக்கு மேலாகப் பின்னால் போடுகின்றன — முதுகில் கூடை இருக்கிற மாதிரி. கூடை இல்லை. மாமா இருந்தார்.

"தங்கச்சி!" என்றார் மாமா.

அந்த அம்மா திடுக்கிட்டுத் தன் கைகளைப் பார்த்தார். யாரோ ஒருவருடைய கைகளைப் பார்க்கிற மாதிரி.

செல்வமணிதான் கேட்டாள், மெதுவாக. "எந்தத் தோட்டம் அக்கா?"

அவர் அண்ணனைப் பார்த்தார். பிறகு என் மனைவியைப் பார்த்தார். "ஹல்துமுல்லப் பக்கம். கல்யாணத்துக்கு முந்தியும் எடுத்தேன், பிந்தியும் எடுத்தேன். இவன் வயித்துல இருக்கப்பவும் மலையிலதான். அண்ணன் கட போட்ட பின்னாடிதான் டவுனுக்கு வந்தோம்."

"அதான பாத்தேன். ரெண்டு கையும் சேந்து போகுதே!"

"என்னா செய்ய? கை சும்மா இருக்க மாட்டேங்குது. பக்கத்து வீட்டு வேலிச் செடியவும் இப்புடித்தான்... அவங்க இப்ப எங்ககூடப் பேசுறதில்ல."

சுரேஷ் முதல் முறையாக வாயைத் திறந்தான். "அத ஆடு தின்னுச்சுன்னீங்களேம்மா?"

நிரோஷாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. செல்வமணிக்கும். மாமா மட்டும் தொண்டையைக் கனைத்தார். "அதெல்லாம் பழைய கத. இப்ப நம்ம நெலம என்னன்னா—"

"அண்ணே, தலையில கொழுந்து இருக்கு. எடுத்துட்டுப் பேசுங்க," என்றார் தங்கை. அவர் எடுத்தார். அதற்குள் தங்கையே முடித்துவிட்டார். "கார்டுல தோட்டத்துப் பேரயே போட்டுக்கலாம். கேக்குறவங்க கேக்கட்டும். கொழுந்து எடுத்துத்தான இவன படிக்க வச்சேன்?"

செல்வமணி உள்ளே போனாள். இன்னொரு தேத்தண்ணி போட என்றாள். தண்ணீர் கொதிக்கிற சத்தத்துக்கு முன்னால் மூக்கை உறிஞ்சுகிற சத்தம்தான் கேட்டது.

சுரேஷின் அம்மா விரல்களை முகர்ந்து பார்த்தார். பிறகு உள்ளங்கையைப் பிரித்தார். அதில் பச்சையாக ஒன்று நெளிந்தது.

"ஐயோ, செடியில புழு வுழுந்திருக்குங்க," என்றார் அக்கறையோடு. "மருந்து அடிங்க."

கோப்பையோடு வந்த செல்வமணி என்னைப் பார்த்தாள். "அடிச்சிருவோங்க," என்றாள்.

மனிதர்கள் ஊரை மாற்றலாம். சட்டையை மாற்றலாம். விலாசத்தையும் மாற்றலாம். ஆனால் இதையெல்லாம் கைக்கு யார் சொல்வது? மாமா எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தார், தங்கையின் கைக்கு மட்டும் சொல்ல மறந்துவிட்டார்.

அவர்கள் போன பிறகு எலுமிச்சையைப் பார்த்தேன். ஒரு துளிர் இல்லை. உச்சி மட்டமாக, தேயிலைச் செடி மாதிரி நிற்கிறது. முற்றிய இலையை விட்டு இளசை மட்டும் எடுத்த வேலை... கங்காணி வந்து பார்த்தாலும் குறை சொல்ல முடியாது. முட்டைகளும் புழுக்களும் துளிரோடு போய்விட்டன. தப்பிய ஒரு புழுவைக் கறிவேப்பிலைக்கு மாற்றியிருக்கிறேன். கிள்ளிய இடத்தில் பக்கத் துளிர் வெடிக்கும். வண்ணத்துப்பூச்சி மறுபடி வந்து முட்டை வைக்கும். அதற்குக் கோபம் தெரியாது.

கல்யாணம் தையில். இனி சம்பந்தியம்மா அடிக்கடி வருவார். அவர் வரும்போது அவரை உள்ளே உட்கார வைத்துவிட்டால் எலுமிச்சை பிழைக்கும் என்று யோசனை சொல்கிறாள் நிரோஷா. நானும் யோசித்துப் பார்த்தேன். உள்ளே உட்கார வைத்தால் நான் எதிரே உட்கார்ந்து பேச வேண்டும்.

வேண்டாம்... கிள்ளட்டும்.