பாசிக்கு வரும் கெண்டை

மாடித் தொட்டியைக் கழுவ வந்த ஆள் வழித்தெடுத்த பச்சைப் பாசியை வாளியில் கொண்டுபோனபோது, அந்த வாடையில் இருப்புக்கொள்ளாமல் எழுந்து எழுந்து உட்கார்ந்தேன். யுத்த காலத்துத் தென்காசியில், இன்று மண்மூடிப் போன சிற்றாற்றுப் படித்துறையில், பர்மாவுக்குப் போய்த் திரும்பாத என் அண்ணனும் பட்டாளத்துக்குப் புறப்பட்ட அன்று இப்படித்தான் தவித்துக்கொண்டிருந்தான். "ஒரு கெண்டையாவது கொண்டா, கொழம்பு வச்சுத் தாரேன், தின்னுட்டு ரயிலேறு" என்று அம்மா அவனோடு என்னையும் அனுப்பியிருந்தாள். அந்தத் துறைக் கெண்டைகள் மண்புழுவை ஏறிட்டும் பார்க்காது. அவை மேயும் படியிலிருந்தே பாசியை நூல்நூலாக உரித்து, பிழியாமல் தூண்டில் முள்ளில் சுற்ற வேண்டும், அப்போதும் நம் நிழல் தண்ணீரில் விழுந்தால் சிதறிவிடும். அண்ணனோ காலை ஆட்டிக்கொண்டே இருந்தான். பாசியைக் கழற்றுவதும் மாற்றிச் சுற்றுவதும், குற்றாலத்து மலையில் மேகம் இறங்குகிறதா என்று பார்ப்பதும், ஸ்டேஷன் பக்கம் காதைக் கொடுப்பதுமாக ஒரு நிலையில் இல்லை.

தூண்டில் நூலில் மிதந்த மயிலிறகுத் தண்டுத் தக்கை ஒருமுறை நடுங்கி, அப்படியே உள்ளே போயிற்று.

"இழுண்ணே, இழு!" என்று கிசுகிசுத்தேன்.

அண்ணன் இழுக்கவில்லை. ஆடிக்கொண்டிருந்த கால் நின்றுவிட்டிருந்தது. "ஏட்டி, சும்மா இரு, தின்னுட்டுப் போவட்டும்" என்றான். தக்கை மெல்ல மேலே வந்து படுத்துக்கொண்டது.

மசாலா அரைத்து வைத்துக் காத்திருந்த அம்மா எங்கள் வெறுங்கையைப் பார்த்தாள்.

"மீனு கடிக்கவே இல்லம்மா" என்றான் அண்ணன். "லீவுல வந்து பிடிச்சுத் தாரேன்."