மலைமுழுங்கிக்கு ஒரு கெடு

வீடியோ கேம் நிலையம் நடத்துவது, தோற்றவர்களின் நியாயங்களைக் கேட்டுக்கொண்டே நாற்காலி துடைக்கும் தொழில். முதுகலைப் பட்டத்தோடு அதைப் பொம்மிடி ரயில் நிலையத்துக்கு அருகில் செய்துவருகிறேன்.

ஞாயிறுதோறும் விலங்குச் சண்டைப் போட்டி உண்டு. ஆளுக்கு ஆறு விலங்குகள். திரையில் ஒன்றோடு ஒன்று மோதும். வீழ்ந்தது அந்த ஆட்டத்தில் மீண்டும் எழாது. சென்ற ஆண்டு ஓர் அப்டேட்டில் புதிய விலங்கொன்று வந்தது. எங்கள் வாடிக்கையாளர்கள் அதற்கு மலைமுழுங்கி என்று பெயர் வைத்தார்கள். ஒருமுறை மூச்சிழுத்து நின்றால் அதன் வலு இரட்டிக்கும். மறுமுறை இழுத்தால் அதுவும் இரட்டிக்கும். இதே தொழிலில் இருப்பவர்களுக்கு, என் நாற்காலிகள் ஏன் காலியாயின என்று நான் விளக்க வேண்டியதில்லை.

தடை கேட்டவர்கள்

மலைமுழுங்கியை முதலில் வளர்த்தெடுத்தவர் மணிகண்டன். நல்லம்பள்ளியிலிருந்து பைக்கில் வருவார். மரியாதையான மனிதர்; வாரந்தோறும் வென்றார். மற்றவர்கள் வருவது குறைந்தது. மிஞ்சியவர்கள் அந்த விலங்கைத் தடை செய்யச் சொன்னார்கள். செய்தால் மணிகண்டன் வரமாட்டார். செய்யாவிட்டால் வேறு எவரும் வரமாட்டார்கள், போட்டியையே மூட வேண்டியதுதான்.

மாதக் கடைசி ஞாயிறும் அதுவே வென்றால் தடை என்று அறிவித்தேன். முடிவெடுக்கத் துணிவில்லாதவர்கள்தாம் கெடு வைப்பார்கள். மணிகண்டன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே கேட்டார்: “ஆட்டத்துல இருக்கற விலங்கைத்தானுங்க வளத்தேன். திருடிக்கிட்டா வந்தேன்?”

ஒரே பகைவன்

அந்த ஞாயிறு, பாப்பிரெட்டிப்பட்டியில் உரக்கடை வைத்திருக்கும் சக்திவேல், மலைமுழுங்கியிடம் பலமுறை தோற்றவர், பழிதீர்க்க வந்தார். ஆறு விலங்குகளையும் மலைமுழுங்கியை அடக்குவதற்கென்றே தேர்ந்திருந்தார். முதல் சுற்றில் அவருக்கு எதிராக வாய்த்தவள் கோகிலா. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்ப்பவள்; என்னிடம் விளையாட வரும் ஒரே பெண். அவளிடம் மலைமுழுங்கியே கிடையாது. கல்லூரி நாளிலிருந்து வளர்த்துவரும் ஒரு சாதாரணத் தவளைதான் அவளுடைய பெருமை.

அந்தத் தவளை சக்திவேலின் விலங்குகளை ஒவ்வொன்றாகச் சாய்த்தது. ஒரே பகைவனை நினைத்துப் படை திரட்டுகிறவர் மற்ற எவரிடமும் தோற்பார். இப்படிப்பட்டவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சக்திவேல் திரையை விட்டுவிட்டு என்னை முறைத்தார். “ஏனுங்க மேடம், இந்தப் புள்ள மலைமுழுங்கி கொண்டாராதுன்னு ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கலாமுல்லீங்க?”

தவளை

இறுதியாட்டம் கோகிலாவுக்கும் மணிகண்டனுக்கும். தடை வேண்டாம் என்று சொன்னவள் அவள் ஒருத்திதான். தவளையை வைத்தே மலைமுழுங்கியை வீழ்த்துவேன் என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லியிருந்தாள். நடக்காது என்று நான் அவள் முகத்துக்கு நேரே சொன்னேன்.

கடைசியில் மணிகண்டனிடம் மலைமுழுங்கி மட்டும் நின்றது. கோகிலாவிடம் தவளையும் ஓர் ஆந்தையும். தவளை நன்றாகவே அடித்திருந்தது. ஆனால் மலைமுழுங்கி மூச்சிழுத்துவிட்டது. ஏறிய வலுவை அழிக்க ஆந்தையால் முடியும். ஆனால் அந்த வலுவோடு விழும் ஓர் அடியை அது தாங்காது. தவளையைத் திரும்ப அழைத்து ஆந்தையை அனுப்பினால், மாற்றுவதிலேயே அவள் முறை தீர்ந்து, இறங்கும்போதே அந்த அடி விழும். தவளை வீழ்ந்தால் மட்டுமே ஆந்தை அடிபடாமல் இறங்கலாம்.

கோகிலாவின் விரல் பொத்தானின் மேல் வெகுநேரம் நின்றது. அவள் தவளையைக் களத்திலேயே விட்டாள். அது வீழ்ந்தது. ஆந்தை இறங்கியது, முந்திக்கொண்டு வலுவை அழித்தது. அதன்பின் மலைமுழுங்கியும் மற்றவற்றைப் போல ஒரு விலங்குதான். ஏற்கெனவே தவளையிடம் பட்ட காயம் இருந்தது. மிச்சத்தை ஆந்தை முடித்தது.

மணிகண்டன் எழுந்து அவளுக்குக் கை கொடுத்தார். அடுத்த ஆட்டத்தில் தவளை எழுந்து நிற்கும் என்பது எல்லோருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். நான் பாராட்டியபோது அவள் சிரிக்கவில்லை. “ஜெயிச்சது சரிங்க மேடம். அதை வெச்சு ஜெயிக்கறேன்னு சொன்னேன். அதைச் சாகவுட்டுல்ல ஜெயிச்சிருக்கேன்.”

தடைக்கு வேலையில்லாமல் போயிற்று, நாற்காலிகள் நிறைந்துவிட்டன, இப்போது எல்லோரும் தடை செய்யச் சொல்வது ஆந்தையை.