சுவிட்ச் அக்காவும் ஐம்பதாவது நாளும்

எங்கள் ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும் அக்காவுக்கு 'சுவிட்ச் அக்கா' என்று பேர். எதைத் துடைப்பதானாலும் முதலில் அதன் சுவிட்சை அணைத்துவிடுவார். மின்விசிறி, தண்ணீர் மெஷின், வரவேற்பறை டி.வி. எதுவும் தப்பாது. பத்துப் பேர் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாலும் டி.வி. அணையும். சின்ன வயதில் ஒரு சலவைக்கூடத்தில் வேலை பார்த்தபோது ஈரத்துணியோடு மெஷினைத் தொட்டு ஷாக் அடித்து, இரண்டு நாள் விரல்கள் மரத்துப்போய்க் கிடந்தாராம். "ஈரக் கை வைக்கிற இடத்துல கரன்ட் இருக்கக் கூடாது தம்பி, அவ்ளோதான்" என்பார்.

இந்தச் சட்டத்தால் அதிகம் எரிச்சலடைந்தவன் நான். ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்களையும் மெஷின்களையும் பார்த்துக்கொள்வது என் வேலை. ரத்த வங்கியின் குளிர் அறை வாசலில் டிபன் பாக்ஸ் அளவில் ஒரு பெட்டி இருக்கிறது. உள்ளே எத்தனை டிகிரி என்று அளந்து காட்டும், சூடு ஏறினால் மோட்டாரை ஓட்டிக் குளிர வைக்கும். அக்கா ஒவ்வொரு மாதமும் முதல் தேதி அதை அணைத்து, பின்பக்கத் தூசியைத் துடைத்து, மறுபடி போட்டுவிட்டுப் போவார். பெட்டி வந்த நாளிலிருந்தே இது நடந்திருக்கிறது. எனக்குத் தெரிந்தது போன வருஷம்தான்.

தெரிந்த நேரம் சரியில்லாத நேரம். என் மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம். அவளுடையது லேசில் கிடைக்காத ரத்த வகை. பிரசவத்தில் ரத்தப்போக்கு அதிகமாகலாம், இரண்டு பையாவது கையில் இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்தப் பைகள் இருக்கப்போகும் அறையில் விளையாட்டா? எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. மேலதிகாரியிடம் எழுதிக் கொடுத்தேன். பெட்டியின் மேல் சிவப்பு எழுத்தில் 'தொடக் கூடாது' என்று ஒட்டினேன். அக்காவைக் கூப்பிட்டு எச்சரித்தார்கள். அடுத்த முதல் தேதி பெட்டியைச் சுற்றி மட்டும் துடைத்துவிட்டுப் போனார்.

அலைந்து திரிந்து இரண்டு கொடையாளிகளைப் பிடித்தேன். இரண்டு பைகளும் குளிர் அறைக்கு வந்து சேர்ந்தன. பிரசவத்துக்கு இரண்டு நாள் இருந்தபோது, காலை பத்து மணிக்கு அக்கா என் அறை வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, அந்தப் பெட்டி சரியில்ல."

"தொட்டீங்களா?"

"தொடல. நம்பர் அசையவே மாட்டேங்குது."

எழுந்திருக்காமலே, குளிர் அறை வாசலைக் காட்டும் கேமராவில் பார்த்தேன். "நாலு டிகிரி காட்டுது. நாலுதான் இருக்கணும். என்னக்கா பிரச்சினை?"

"கதவத் திறந்து வச்சுத்தான் தொடைப்பேன். அப்பல்லாம் நாலு புள்ளி ஒண்ணு, ரெண்டுன்னு ஏறும். இன்னிக்கு முழு அறையும் தொடச்சுட்டேன், நாலுலயே நிக்குது. மோட்டார் சத்தமும் இல்ல. எப்பவும் கணுக்கால் விறைச்சுப்போகும், இன்னிக்கு ஒண்ணுமே தெரியல. நீங்க வந்து காலை வச்சுப் பாருங்க."

முணுமுணுத்துக்கொண்டேதான் போனேன். கையிலிருந்த வெப்பமானியை உள்ளே வைத்தேன். ஐந்தரை. ஆறைத் தாண்டினால் அங்கிருக்கும் ரத்தம் அத்தனையும் குப்பைக்குப் போக வேண்டும். அக்கா அதற்குள் ஐஸ் பெட்டிகளை இழுத்து வந்துவிட்டார். ரத்த வங்கி ஊழியர்களும் நாங்களும் சேர்ந்து எல்லாப் பைகளையும் மாடியில் இருந்த மாற்றுக் குளிர்பெட்டிக்கு ஏற்றினோம். கீழே வந்து பெட்டியை அணைத்துப் போட்டேன். மோட்டார் உறுமிக்கொண்டு ஓட ஆரம்பித்தது.

காரணத்தைக் கண்டுபிடிக்க நான்கு நாள் ஆனது. போட்ட நிமிஷத்திலிருந்து அந்தப் பெட்டி ஒரு நொடிக்கு ஆயிரம் என்று எண்ணிக்கொண்டே போகும். ஆனால் அந்த எண்ணுக்குள் அடங்குவது நானூற்று இருபத்தொன்பது கோடிச் சொச்சம்தான். அதற்கு மேல் இடமில்லை, பழைய ஸ்கூட்டரின் கிலோமீட்டர் எண்ணைப் போலப் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். அந்த எல்லை வருவது ஐம்பதாவது நாளில். அடுத்து அளக்க வேண்டிய நேரம் என்று பெட்டி குறித்து வைத்திருந்ததோ அந்த எல்லையை ஒட்டிய பெரிய எண். கணக்கு பூஜ்யத்திலிருந்து கிளம்பி அங்கே வரட்டும் என்று, கடைசியாகப் பார்த்த நாலு டிகிரியைக் காட்டிக்கொண்டு சாவகாசமாகக் காத்திருந்தது. நாலு டிகிரிதானே என்று மோட்டாரையும் ஓட்டவில்லை.

முப்பது நாளுக்கு ஒரு தடவை அக்கா அணைத்துக்கொண்டிருந்தவரை அந்த எல்லை வரவே இல்லை. வரவழைத்தவன், சிவப்பு எழுத்தில் ஒட்டிய மகா கெட்டிக்காரன் நான்.

இதை அக்காவிடம் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. "என் பொண்ணு போன்ல ஒரு கேம் ஆடுவா. ராத்திரி பகலா ஆடி இருநூத்திப் பதினாலு கோடி பாயின்ட் எடுத்தா. அடுத்த ஆட்டத்துல பாத்தா மைனஸ்ல நிக்குது. ரெண்டு நாள் சரியா சாப்பிடல. இதுவும் அந்தக் கதைதானா?"

"அதே கதைதான்க்கா."

"அப்ப அதையும் அப்பப்ப அணைச்சிருக்கணும்" என்றார்.

நான் இதையெல்லாம் துருவிக்கொண்டிருந்த நாட்களுக்கு நடுவில்தான் என் மகள் பிறந்தாள். டாக்டர் பயந்தது அப்படியே நடந்தது. இரண்டு பையும் ஏறின. இரண்டாவது பை முடியும்போது என் மனைவி கண் திறந்து தண்ணீர் கேட்டாள். வாசலில் உட்கார்ந்து வெட்கமில்லாமல் அழுதேன். அக்கா அந்த வழியாகத் துடைத்துக்கொண்டு வந்தவர், என் காலைத் தூக்கச் சொல்லி அடியில் துடைத்துவிட்டு, "குழந்தை யார் ஜாடை?" என்று கேட்டார்.

நான் எழுதிக் கொடுத்த புகாரைத் திரும்ப வாங்கினேன். மன்னிப்புக் கேட்டேன். "பொண்டாட்டி பிள்ளைக்காகத்தானே குதிச்சீங்க, விடுங்க" என்றார்.

பெட்டி செய்த கம்பெனிக்கு எழுதி ஒரு வருஷம் ஆகிறது. இன்னும் 'பரிசீலிக்கிறோம்' என்றுதான் பதில் வருகிறது. சிவப்புக் காகிதத்தைக் கிழித்துவிட்டேன். ஒவ்வொரு முதல் தேதியும் காலையில் நானே கீழே இறங்கிப் போய் சுவிட்சை அணைக்கிறேன். அக்கா துடைத்து முடித்து, கையை உலர்த்தி, "போடுங்க தம்பி" என்று சொல்லும்வரை போடுவதில்லை.