கை கொடுக்காதவன்

கிணத்துக்கடவுக்கு வெளியே ஒரு தேங்காய்க் களத்தில் ஏழு வருஷம் உரித்தேன். அதற்கு முன்னால் எங்கேயும் ஏழு மாதம்கூட நின்றதில்லை. தரையில் நட்ட இரும்புப் பாரையின் முனையில் காயைக் குத்தி, இரண்டு கையாலும் அழுத்தித் திருப்பினால் மட்டை பிளந்துவிடும். படிப்பு ஏழாவதோடு நின்றுபோனது. கையில் இருந்த தொழில் இது ஒன்றுதான். ராத்தங்கலும் களத்துக் கொட்டகையிலேயே.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மழைக்காலத்தில் வலது தோள் பிடித்துக்கொண்டது. கை தோளுக்கு மேலே போகவில்லை. அந்தப் பக்கம் சாய்ந்து படுக்கவும் முடியவில்லை. சட்டையைக் கழற்றக் கொட்டகைத் தூணில் ஒரு ஆணி அடித்து, அதில் சட்டைக் கையின் முனையை மாட்டிவிட்டு உடம்பை உருவிக்கொள்ளப் பழகினேன். களத்தில் மட்டை கூட்டும் அக்கா ஒருநாள் இதைப் பார்த்துவிட்டார்.

"ஏனுங்க, ஆணிதான் இனி உங்க ஊட்டுக்காரிங்களா?" என்றார்.

சிரித்தேன். அவரும் சிரித்தார். பிறகு சிரிக்காமல், துடியலூரில் ஒரு டாக்டரம்மா எலும்பு, தோள், முட்டியெல்லாம் பார்க்கிறார், கூட்டம் இருக்கும், விடியற்காலையிலேயே போய்விட வேண்டும் என்றார்.

இரண்டு பஸ் மாறிப் போனேன். பெஞ்சில் எனக்கு முன்னால் ஒரு விவசாயி. முட்டி வீங்கி, வேட்டிக்கு மேலேயே தெரிந்தது. மூன்று மணி நேரம் காத்திருந்தார். கூப்பிட்டதும் உள்ளே போனார். கதவு பாதி திறந்திருந்ததால் பேச்சு கேட்டது. என்ன செய்யுது என்று டாக்டரம்மா கேட்டதற்கு, "ஒண்ணுமில்லீங்க, நல்லாத்தானுங்க இருக்கறேன்" என்றார். இந்தப் பக்கத்தில் அப்படித்தான். அடுத்தவருக்குத் தொந்தரவு தரக் கூடாது என்பது பேச்சின் முதல் எழுத்திலேயே இருக்கும். நான் தெற்கே பிறந்தவன். எங்கள் பக்கத்தில் வலித்தால் தெருவுக்கே தெரியும். ஆனால் ஏழு வருஷத்தில் இந்த ஊர் வழக்கம் என் வாயிலும் ஏறிவிட்டது.

டாக்டரம்மா நான் உள்ளே நடந்து வந்ததைப் பார்த்தார், உட்கார்ந்ததைப் பார்த்தார். கழுத்தைத் திருப்பச் சொன்னார். விரல்களை அழுத்தச் சொன்னார். தோளின் முன்பக்கமும் பின்பக்கமும் கட்டை விரலால் தடவிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினார்.

"இங்க வலிக்குதுங்களா?"

உயிர் போனது. "பரவாயில்லீங்க" என்றேன்.

அடுத்து என் முழங்கையைத் தன் உள்ளங்கையில் ஏந்தி, "நீங்க தூக்க வேண்டாம், நான் தூக்கறேன், கையை விட்டுடுங்க" என்றார். நோயாளி தானே தூக்கும்போதும், அடுத்தவர் தூக்கும்போதும் கை எவ்வளவு போகிறது என்று இரண்டையும் பார்த்தால்தான் நோய் இன்னதென்று பிரியுமாம். இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: மெலிந்த அம்மாள், வெளியே இன்னும் முப்பது பேர், என் கையோ உலக்கை கனம். அந்தக் கனத்தை அவர்மேல் போட மனம் வரவில்லை. விட்டுவிட்ட மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கையை நானே இறுக்கிப் பிடித்திருந்தேன். அது பாதியிலேயே நின்றது.

தோள் மூட்டு இறுகிப்போயிருக்கிறது, நாளாகும், ஆனால் தானே இளகிவிடும் என்றார். சுவரில் விரலை நடக்கவிட்டு மேலே ஏற்றும் பயிற்சி சொன்னார். வேலையைக் குறைத்துச் செய்யலாம் என்றார். எனக்கு வேண்டியிருந்தது 'செய்யலாம்' என்ற அந்த ஒரு வார்த்தை. அவர் 'குறைத்து' என்று சொன்னதை பஸ் ஏறுவதற்குள் மறந்துபோனேன்.

கொட்டகைச் சுவரில் கரியால் ஒரு கோடு போட்டு, தினமும் விரலை நடக்கவிட்டேன். நாலு வாரம். கோடு ஒரு விரற்கடைகூட ஏறவில்லை. பகலில் உரித்தேன். ஒரு காலையில் பாரையில் காயைக் குத்தித் திருப்பும்போது தோளுக்குள் ஏதோ நழுவிய மாதிரி இருந்தது. காய் பாரையிலேயே நின்றது. என் கை மட்டும் பக்கத்தில் விழுந்தது. சத்தமில்லை, ரத்தமில்லை. பக்கத்தில் உரித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிரக்கூட இல்லை.

மறுபடி துடியலூர். எக்ஸ்ரே எடுத்தார்கள். வெளிச்சப் பெட்டியில் மாட்டிப் பார்த்துவிட்டு, எலும்பு நன்றாக இருக்கிறது, ஆனால் எலும்போடு சதையைக் கட்டியிருக்கும் நாண் இந்தப் படத்தில் தெரியாது என்றார் டாக்டரம்மா. இந்த முறை கையைத் தூக்கவில்லை. என்னை இடுப்பு வரை குனியச் சொன்னார். கை தானாகத் தொங்கியது. அதை லேசாக ஆட்டிவிட்டார். கிணற்றுக்குள் இறக்கிய வாளி மாதிரி அது தன்பாட்டில் ஆடியது. ஆடும்போதே எந்த ஊர், என்ன வேலை, ஒரு நாளில் எத்தனை காய் என்று பேச்சுக் கொடுத்தார். நான் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே முழங்கையை ஏந்தி, மெதுவாக நிமிரச் சொல்லி, கையை மேலே கொண்டுபோனார். போனது. காதைத் தாண்டி, கூரையைப் பார்த்து, முழுசாகப் போனது. நாலு மாதமாக நான் பார்க்காத இடத்தில் என் கை இருந்தது. குணமாகிவிட்டது என்றே நினைத்துவிட்டேன்.

"அன்னைக்கு நீங்க கையை என்கிட்டக் குடுக்கவே இல்லைங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "மூட்டு இறுகலை. இப்பப் பாருங்க."

பக்கவாட்டில் தோள் மட்டத்துக்கு இறக்கி, "நான் விடப்போறேன், அப்படியே நிறுத்தி மெதுவா இறக்குங்க" என்று சொல்லி, தன் உள்ளங்கையை எடுத்தார். கை தொப்பென்று தொடையில் விழுந்தது. இன்னொரு தடவை செய்தார். இன்னொரு தடவையும் விழுந்தது. மூன்றாவது தடவை வேண்டாம் என்று நானே சொன்னேன்.

நாண் கிழிந்திருக்கிறது, முதலில் சின்னதாக இருந்திருக்கலாம், இப்போது பெரிதாகிவிட்டது என்றார். தான் முதல் நாளே இன்னும் கவனமாகப் பார்த்திருக்க வேண்டும் என்றும் சொன்னார். அவர் அப்படிச் சொன்னது எனக்குக் கூச்சமாக இருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் தைக்கலாம், ஆனால் ஆறு வாரம் கைக்குக் கட்டுப் போட்டிருக்கும். குளிக்க, உடுத்த, அப்புறம் தினமும் கையைத் தூக்கிப் பழக்க ஒரு ஆள் வேண்டும்.

"கூட யாருங்க இருக்காங்க?"

இருக்கிறார்கள் என்று சொல்லத்தான் வாய் போனது. "யாரும் இல்லீங்க" என்றேன். சொன்ன பிறகு அந்த அறை கொஞ்சம் பெரிதான மாதிரி இருந்தது. டாக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு, நெஞ்சுக்குக் கீழே செய்கிற வேலையெல்லாம் செய்யலாம், உரிப்பது மட்டும் இனிமேல் கூடாது என்று நிதானமாகச் சொன்னார்.

களத்துக்காரர் நல்ல மனிதர். இங்கேயே இருங்க, காயைத் தட்டிப் பார்த்து தரம் பிரிங்க என்றார். பன்னிரண்டு நாள் பிரித்தேன். என் பாரையில் புதிதாக ஒருவர் வந்து நின்று உரித்தார். என்னைவிட வேகம். அவர் உரித்துப்போட்ட காயை நான் இடது கையால் தட்டிப் பார்ப்பேன். பதின்மூன்றாம் நாள், உடுமலைப்பேட்டைப் பக்கம் வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம் என்று பஸ்ஸுக்குக் கிளம்பினேன். அக்கா விளக்குமாற்றைக் கீழே வைத்துவிட்டு வந்து, என் பையை வாங்கி இடது தோளில் மாட்டிவிட்டார்.

"போயிப்போட்டு வாரேன்னு சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். பஸ்ஸில் உட்கார இடமில்லை. கம்பி தலைக்கு மேலே இருந்தது. இடது கையால் பிடித்துக்கொண்டு, வலது கையை இடுப்பு வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு, பொள்ளாச்சி வரை நின்றேன்.